மாணவர் கூடும்போது விரிவுரையாளர் ஏன் கூடுவதில்லை?

"வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வருடாவருடம் பிள்ளைகள் வருகிறார்கள், கற்பிக்க ஆளில்லை என்கிறார்களே, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் முடிவு செய்யும் இடங்கள் வேறு. மாணவர் தொகையைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தீர்மானிக்கிறது. 2019 உயர்தரப் பரீட்சை பழைய, புதிய பாடத்திட்டங்கள் இரண்டிலும் நடந்தபோது நாடெங்கும் அனுமதி கூட்டப்பட்டது. விரிவுரையாளர் பதவிக்கோ திறைசேரிப் பக்கத்து ஒப்புதலும் வேண்டும். வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதிக்கு வேண்டிய குறைந்தபட்சப் புள்ளி, வந்ததும் மாணவர் வந்துவிடுவார். பதவிக்கு ஒப்புதல் கேட்கும் ஆளணிக் கோப்பு மெதுவாகத்தான் நகரும்.

அதன்மேல் 2022 பொருளாதார நெருக்கடி. ரூபாய் சரிந்தது, 2023 தொடக்கத்தில் வருமான வரியும் ஏறியது. விரிவுரையாளர் பலர் வெளிநாடு போனார்கள். போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

பலரும் கவனிக்காத ஒன்று: கலாநிதிப் பட்டத்துக்காகக் கல்வி விடுமுறையில் சென்றவரின் பதவி, தாளில் நிரம்பியே இருக்கும். வகுப்பில் நிற்பவர் தற்காலிக விரிவுரையாளர். அநேகமாக அண்மையில் பட்டம் பெற்ற பிள்ளை. எனக்குத் தெரிந்த தங்கச்சி ஒருத்தி, செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் மாணவர் ஒப்படைகளைக் கையில் வைத்துத் திருத்திக்கொண்டிருப்பாள். ஒப்பந்தம் முடிந்தால் அடுத்தது என்னவென்று அவளுக்குத் தெரியாது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, போரையும் தாங்கிய இடம் அது. இப்படிப்பட்ட பிள்ளைகளை அது இழக்கக் கூடாது.

உங்கள் மகளுக்குத் துறை தேடுகிறீர்கள் என்றால், பெயர்ப் பட்டியலை எண்ணாதீர்கள். இந்த அரையாண்டில் நிரந்தர விரிவுரையாளர் எத்தனை பேர் வகுப்பெடுக்கிறார்கள் என்று அங்கு படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.