கொலைகாரன் யாருன்னு சொல்லிட்டாங்க சார்

வணக்கம் சார். மூணு மாசமா க்ரைம் நாவல் மட்டும்தான் படிக்கிறேன், வில்லிவாக்கத்துல இருந்து சோழிங்கநல்லூர் ஆபீஸ் போய் வர்ற நேரம் பூரா அதான். அகதா கிறிஸ்டியோட ரோஜர் ஆக்ராய்ட் கொலைக் கதை பாதில இருக்கும்போது ஆபீஸ் நண்பன் கொலைகாரன் ------ தான்னு போட்டு உடைச்சிட்டான். வெறுத்துப்போய் மூடி வச்சிட்டேன். க்ரைம் படிக்கறதே டைம் வேஸ்ட்டுன்னு வேற சொல்றான். அப்படியா சார்? நல்லதா பத்து நாவல் சொல்லுங்களேன்.

அன்புள்ள தம்பி,

அந்தக் கோடு நான் போட்டது. நீங்க பேரையே எழுதி அனுப்பியிருந்தீங்க. அவன் உங்களுக்கு செஞ்சதை நீங்க ஊருக்கே செய்யப் பாத்தா எப்படி?

டைம் வேஸ்ட்டான்னு என்கிட்ட கேக்காதீங்க. பத்து நாவல் லிஸ்ட்டும் கிடையாது, லிஸ்ட் கேக்கறவங்க லிஸ்ட்டைத்தான் சேத்து வைக்கறாங்க. ஆனா மூடி வச்சிட்டேன்னு சாதாரணமா எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு கோவம் வருது.

திருவல்லிக்கேணில எங்க அத்தை வீட்டுல தொடர்கதையெல்லாம் வாராவாரம் பத்திரிகைல இருந்து கிழிச்சு சேத்து பைண்டு பண்ணி வச்சிருப்பாங்க. பின்பக்கம் பாதி ஜோக்கு, பல்பொடி விளம்பரம், யாரோ ஒருத்தரோட ராசிபலன் எல்லாம் கூடவே வரும், பைண்டிங்காரர் ஓரத்தை வெட்டினதுல சில பக்கத்துல கடைசி வரியே இருக்காது. அதுல ஒரு கொலைத் தொடர். கடைசி அத்தியாயம் வந்த இதழை பக்கத்து வீட்ல வாங்கிட்டுப் போனவங்க திருப்பித் தரவே இல்ல, அதனால 'தொடரும்'னு அட்டைல முட்டி நிக்கும். அத்தைக்கு முடிவு தெரியும், வந்தப்பவே படிச்சவங்க. நான் லீவுக்குப் போறப்பல்லாம் கால்ல விழாத குறையா கெஞ்சுவேன். சொல்ல மாட்டாங்க. ஆனா வருஷா வருஷம் அதே புக்கை எடுத்து வச்சுக்கிட்டு கூடத்துல உக்காந்து படிப்பாங்க. தெரிஞ்ச கதையை ஏன் அத்தை படிக்கறீங்கன்னா, "யாருன்னு தெரிஞ்சப்புறம்தான்டா நிதானமா படிக்க முடியுது"ம்பாங்க.

அது எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆச்சு. போன வாரம் ஹிகாஷினோவோட சஸ்பெக்ட் எக்ஸ் ரெண்டாவது தடவை படிச்சேன். 2005ல வந்த ஜப்பான் நாவல், கொலை பண்ணது யாருன்னு முதல் அத்தியாயத்துலயே தெரிஞ்சிடும், அதை ஒரு கணக்கு வாத்தியார் எப்படி மூடி மறைக்கறார்ங்கறதுதான் மிச்சம். முதல் தடவை நான் அவரோட கணக்கை மட்டும்தான் துரத்தினேன். இந்த தடவை அந்த ஆளு தினம் காலைல லஞ்ச் பாக்ஸ் வாங்கற சாக்குல அந்தக் கடைக்குப் போய் நிக்கறாரே, அந்தப் பக்கத்தைத் தாண்டவே முடியல. தஸ்தயேவ்ஸ்கி 'குற்றமும் தண்டனையும்' நாவலை 1866ல பத்திரிகைல தொடரா எழுதினாரு, கொலை முதல் பகுதிலயே முடிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் அஞ்சு பகுதி இருக்கு. யாரு பண்ணான்னு தெரிஞ்சுபோச்சுன்னு அந்தக் காலத்து ரஷ்யாக்காரன் சந்தாவை நிறுத்தினானா?

ஆக்ராய்டும் 1926ல புக்கா வர்றதுக்கு முன்னாடி லண்டன் பேப்பர்ல தொடரா வந்ததுதான். பேரு தெரிஞ்ச நீங்க அதிர்ஷ்டசாலி தம்பி, நிஜமாத்தான் சொல்றேன். இப்ப முதல் பக்கத்துல இருந்து படிங்க. கிறிஸ்டியம்மா ஒரு வரி கூட பொய் எழுதல, ஒரு இடத்துல பத்து நிமிஷத்தை மட்டும் நம்ம கண்ணு முன்னாடியே மடிச்சு உள்ள வச்சிட்டாங்க. முடிவு தெரியாம படிக்கறவன் அந்த வரியைத் தாண்டி ஓடிடுவான், நானும் ஓடினேன். நீங்க நின்னு பாக்கலாம். அப்படி பாத்தா அந்தாளு மேல பாவமா கூட இருக்கும். உங்க நண்பனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க.

அப்புறம் எதுக்கு பேரை எடுத்தீங்கன்னு கேப்பீங்க. எடுக்கணும்னு தோணிச்சு, எடுத்தேன்.

அத்தை போய் பதினாலு வருஷமாச்சு, கடைசி வரைக்கும் சொல்லல. புக்கு என்கிட்டதான் இருக்கு, முதல் பக்கமும் போயிடுச்சு, அதனால தலைப்பும் தெரியாது எழுதினது யாருன்னும் தெரியாது. ராயபுரத்துல ஒரு லாரி ஷெட், பூட்டின ரூம், உள்ள ஒத்தைச் செருப்பு. உங்க வீட்ல பெரியவங்க யாராவது படிச்சிருந்தா, கொன்னது அந்த கம்பவுண்டரா இல்ல மச்சினனான்னு மட்டும் ஒரு மெயில் போடச் சொல்லுங்க.