களி நெஞ்சில் நின்றால் சியாவைப் பற்றிப் பிறகு பேசலாம்

"எனக்கு 48 வயது. பாலக்கோடு பக்கம் கிராமம். ஓசூரில் வேலை செய்யும் மகன் வாங்கித் தந்த சியா விதையை ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறேன். காலையில் தைராய்டு மாத்திரை போட்ட கையோடு ஒரு ஸ்பூன் விதையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பேன். ஆறு கிலோ குறைந்திருக்கிறேன். ஆனால் முடி கொட்டுகிறது, அசதியாக இருக்கிறது, வயிறு உப்பிக்கொள்கிறது. உப்புசத்துக்கு மெடிக்கலில் கேட்டு கேஸ் மாத்திரை போடுகிறேன். விதை அப்படியே மலத்தில் வருகிறது. மாதவிலக்கு அதிகம். ஒரு மாதமாகக் களி சாப்பிட்டால் தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் நின்று நின்று இறங்குகிறது. அதனால் கஞ்சியாகக் குடிக்கிறேன். சியா உள்ளே ஒட்டிக்கொண்டு புற்றுநோய் ஆகிவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். என் சின்னம்மா உணவுக்குழாய்ப் புற்றுநோயில்தான் போனார். வெளிநாட்டு விதை நமக்கு ஆகாதா? கிட்னியில் கல் வருமா? சப்ஜாவும் இதுவும் ஒன்றா?"

– வாசகி, தருமபுரி மாவட்டம்

அம்மா, சியா விதையால் புற்றுநோய் வராது. அது உள்ளே ஒட்டிக்கொண்டு கட்டியாக வளரும் என்பது பச்சைப் பொய். அந்த வீடியோவை இனி திறக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஆனால் களி நின்று நின்று இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் அப்படியே விட முடியாது. முடி, உப்புசம், கல், சப்ஜா எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைப் பேசுவோம்.

நம் பக்கத்தில் களியை யாரும் மெல்வதில்லை. பிட்டு, கீரைக் கடைசலில் புரட்டி, வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். சின்ன வயதிலிருந்து அப்படி விழுங்கிப் பழகியவருக்கு இப்போது அதே களி பாதி வழியில் நிற்கிறது என்றால், போகிற பாதையில் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். நன்றாக விரிந்து கொடுக்கும். அதனால் உள்ளே கொஞ்சம் சுருங்கினாலும் நமக்குத் தெரியாது. உள்விட்டம் ஏறக்குறைய 13 மில்லிமீட்டருக்குக் கீழே போகும்போதுதான் கெட்டியான சாப்பாடு நிற்க ஆரம்பிக்கும். கஞ்சி, காபி, தண்ணீர் எல்லாம் அப்போதும் சுலபமாக இறங்கும். ஆகவே "கஞ்சி குடிக்க முடிகிறது, பெரிதாக ஒன்றும் இருக்காது" என்று நினைத்துவிடாதீர்கள். களியிலிருந்து கஞ்சிக்கு மாறினேன் என்பதே எனக்கு வேண்டிய தகவல்.

அடுத்தது அந்த ஆறு கிலோ. சியாவால் குறைந்தது என்று சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். 2009-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் சியா, 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எடை குறையவில்லை. நீங்கள் சாப்பிடுவது அதில் கால்வாசிதான். இந்த ஆறு கிலோவுக்கு வேறு காரணம் இருக்கிறது. நீங்கள் சாப்பிடும் அளவு குறைந்ததே காரணமாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவர் ஒருவருக்குக் கெட்டியான சாப்பாடு நிற்கிறது, கூடவே எடையும் இறங்குகிறது என்றால் வாய் வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பி பார்த்தே ஆக வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

எண்டோஸ்கோப்பி என்றதும் சின்னம்மாவின் முகம்தான் ஞாபகத்துக்கு வரும், எனக்குப் புரிகிறது. ஆனால் விழுங்கச் சிரமம் வந்தவர்கள் எல்லோருக்கும் புற்றுநோய் இருப்பதில்லை. வருடக்கணக்கில் அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கி, அந்தப் புண் ஆறும்போது தழும்பாகச் சுருங்கியிருக்கலாம். உங்கள் விஷயத்தில் எனக்கு முதலில் தோன்றுவது வேறொன்று. அதிக மாதவிலக்கு, அசதி, முடி உதிர்வு, வயது 48. இரும்புச்சத்து நெடுநாள் குறைந்த நடுவயதுப் பெண்கள் சிலருக்கு உணவுக்குழாயின் மேல்பகுதியில் மெல்லிய சவ்வு ஒன்று குறுக்கே வளர்வதுண்டு. கெட்டியான சாப்பாடு அங்கேதான் தட்டும். எண்டோஸ்கோப்பி பார்க்கும்போதே அதை விரித்துவிடலாம், கூடவே இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் அந்தச் சவ்வைக் கவனிக்காமல் பல வருடம் விட்டால் அந்த இடத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

புற்றுநோயே இருந்தாலும் என்ன? உணவுக்குழாய்ப் புற்றுநோயில் ஆரம்பத்தில் வருகிறவருக்கும், தண்ணீர்கூட இறங்காத நிலையில் வருகிறவருக்கும் சிகிச்சையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், இன்றைக்கே விட்டுவிடுங்கள். இந்த நோய்க்கு அது முக்கியமான காரணம். கொதிக்கக் கொதிக்கக் காபி குடிப்பதையும் நிறுத்துங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானம் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016-ல் சொன்னது.

மெடிக்கலில் வாங்கும் அந்த கேஸ் மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எரிச்சலை அடக்கிவிடும், உள்ளே இருக்கும் கோளாறு வெளியே தெரியாமல் வளரும். மாதக்கணக்கில் போட்டால் இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைக்கும். சீட்டு இல்லாமல் இதை வாங்கி விழுங்கிவிட்டு, வருடம் போன பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பொறுப்பதில்லை. நிறுத்திவிடுங்கள். தேவை என்றால் பரிசோதனை செய்யும் மருத்துவர் எழுதித் தருவார்.

எண்டோஸ்கோப்பி முடியும்வரை சியா வேண்டாம். உலர்ந்த விதையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது எப்போதுமே தப்பு, உங்களுக்கு இப்போது ஆபத்து. ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கண்ணாடி மாதிரி ஒரு உறை கட்டும். கலக்காமல் விட்டால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். தன் எடையைப் போல் பத்து மடங்கு தண்ணீரை இழுக்கும் விதை அது. டம்ளரில் நடப்பது சுருங்கிய உணவுக்குழாயில் நடந்தால் அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் 39 வயதுக்காரர் ஒருவர் உங்களைப் போலவே ஒரு ஸ்பூன் உலர்ந்த சியாவை விழுங்கித் தண்ணீர் குடித்தார். அவருக்கும் முன்பிருந்தே அவ்வப்போது விழுங்கச் சிரமம் உண்டு. விதை உள்ளேயே ஊதி அடைத்துக்கொண்டது. மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோப்பி வழியாகத்தான் அதைச் சரிசெய்தார்கள். 2014-ல் அங்கே நடந்த மருத்துவர்கள் கூட்டத்தில் இதை எச்சரிக்கையாகவே எடுத்துச் சொன்னார்கள்.

எப்போதாவது சாப்பாடு அடைத்து, எச்சில்கூட இறங்காமல் வாயில் வழிந்தால் அது அவசரம். சோற்று உருண்டை, வாழைப்பழம், தண்ணீர் என்று எதையும் மேலே மேலே தள்ளக்கூடாது. தலையில் தட்டவும் வேண்டாம். ராத்திரியாக இருந்தாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, இப்போது மற்றவை.

வெளிநாட்டு விதை என்ற பயம் தேவையில்லை. சியா மெக்சிகோவின் நடு, தென் பகுதிகளிலும் குவாத்தமாலாவிலும் பிறந்த செடி. புதினா, துளசிக் குடும்பம். அந்தக் காலத்தில் மெக்சிகோவை ஆண்ட ஆஸ்டெக் மக்களுக்கு மக்காச்சோளம், பீன்ஸோடு அதுவும் ஒரு முக்கியமான உணவு. தாங்கள் அடக்கி ஆண்ட நாடுகளிடமிருந்து அரசுக்குக் கப்பமாகக்கூட வாங்கியிருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வந்த பிறகு சாகுபடி சுருங்கி, அங்கங்கே கிராமங்களில் மட்டும் தங்கியது. 1990-களில் அர்ஜென்டினாவில் திரும்பப் பயிர் செய்து பார்த்த பிறகுதான் உலகக் கடைகளுக்கு வந்தது. இப்போது நமக்குப் பக்கத்தில் மைசூர்ப் பக்கமே விளைகிறது. உங்கள் கடைசலில் போடும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். அவ்வளவு ஏன், கேழ்வரகே ஆதியில் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்துப் பயிர். எங்கிருந்து வந்தது என்பதை வைத்து ஒரு சாப்பாடு ஆகும், ஆகாது என்று சொல்ல முடியாது.

அதன் நன்மையையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். 100 கிராமில் நார்ச்சத்து 34 கிராம், புரதம் 16 கிராம், சுண்ணாம்புச்சத்து 630 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. தாவர வகை ஒமேகா-3 கொழுப்பு நிறைய. மலச்சிக்கலுக்கு நல்லது, சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கும் ஓரளவு உதவலாம். ஆனால் நாம் 100 கிராமா சாப்பிடுகிறோம்? ஒரு ஸ்பூன் 12 கிராம் என்று வைத்தால் சுண்ணாம்புச்சத்து 75 மில்லிகிராம்தான் கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகு மாவில் 350 மில்லிகிராம் இருக்கிறது. நம் ஊர் களியைக் குறைத்துக்கொண்டு சியாவில் சத்து தேடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரும்புச்சத்துக்கு என்றால் ஒரு ஸ்பூன் சியாவில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை, இருப்பதும் முழுதாக உடலில் சேராது. உங்கள் அசதிக்கும் முடி உதிர்வுக்கும் விதை மருந்தல்ல. ஹீமோகுளோபின், உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. அதிக மாதவிலக்கை மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வயதில் அப்படித்தான் இருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்காதீர்கள்.

தைராய்டு மாத்திரையோடு சியா சேரக்கூடாது. மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரில் மட்டும் போட்டு, அரை மணி நேரத்துக்காவது வேறெதுவும் சாப்பிடாதீர்கள். நார்ச்சத்து கூடவே போனால் மருந்து சரியாகச் சேராது. உங்கள் அசதியில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

விதை மலத்தில் வருவது ஒன்றுமேயில்லை, மெல்லாத விதை அப்படித்தான் வரும். உப்புசம் திடீரென்று நார்ச்சத்து கூடியதால் வந்திருக்கும். இதுவரை கல் வந்ததில்லை என்றால் ஒரு ஸ்பூன் சியாவுக்காகக் கிட்னியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். சப்ஜா வேறு செடி, திருநீற்றுப் பச்சிலையின் விதை. கருப்பாக இருக்கும், சீக்கிரம் ஊறும். சியா சாம்பலும் கருப்பும் கலந்து புள்ளியாக இருக்கும். சப்ஜாவும் ஊதும் என்பதால் அதையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

எல்லாம் பார்த்து உணவுக்குழாய் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், ஒரு ஸ்பூன் சியாவை ஒரு டம்ளர் தண்ணீரிலோ மோரிலோ அரை மணி நேரமாவது ஊறவைத்து, இடையில் இரண்டு முறை கலக்கி, சாயங்காலம் சாப்பிடலாம். நாளைக்கு 15 கிராமுக்கு மேல் போக வேண்டாம். பொடித்துச் சாப்பிட்டால் அந்த ஒமேகா கொழுப்பு இன்னும் நன்றாகச் சேரும். கிடைக்காவிட்டால் ஆளி விதைப் பொடி போதும்.

இந்த வாரத்துக்குள் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் காலையில் கிளம்புங்கள். சீட்டு வாங்கியதும் உப்புசத்தில் ஆரம்பிக்காமல், "சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது, ஆறு கிலோ குறைந்துவிட்டது, சித்திக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய்" என்று இந்த மூன்றை முதலில் சொல்லுங்கள். தொண்டையில் மரத்துப்போக மருந்து அடித்துவிட்டுத்தான் குழாயை விடுவார்கள், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பரிசோதனைக்காக உள்ளிருந்து துளி சதை எடுத்தால் நோய் பரவும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பரவாது, வலிக்கவும் செய்யாது. மயக்க ஊசி போட்டால் அன்றைக்குத் தனியாகத் திரும்பக்கூடாது. மகனை லீவு போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் ஆதாரையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.