மேடம் ஹார்டி மதுரையில் பூக்குமா?

கேள்வி: மதுரையில் மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். இணையத்தில் வரவழைத்த ‘மேடம் ஹார்டி’ என்ற பழைய ரக வெள்ளை ரோஜா இரண்டு ஆண்டுகளாகத் தழைக்கிறதே தவிர, ஒரு மொட்டுக்கூட வைக்கவில்லை. ஊட்டியில் உள்ள அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிடலாமா? இங்கே எந்தப் பழைய ரகம் வரும்?

பதில்: உங்கள் பராமரிப்பில் குறை இருப்பதாகத் தெரியவில்லை, உரத்தைக் கூட்டினாலும் இந்நிலை மாறாது. 1832-இல் பாரிசில் அறிமுகமான மேடம் ஹார்டி, டமாஸ்க் இனத்தைச் சேர்ந்தது. அதுவும் காலிகா, ஆல்பா போன்ற பிற ஐரோப்பியப் பழைய ரோஜாக்களும் குளிர்காலத்தில் இலையுதிர்த்து ஓய்ந்திருந்து, முந்தைய ஆண்டு வளர்ந்த கிளைகளில் ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே பூப்பவை. மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும் மதுரையில் அந்த ஓய்வு அவற்றுக்குக் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, நம் வழக்கப்படி ஐப்பசியில் கவாத்து செய்திருந்தால், பூக்க வேண்டிய முதிர்ந்த கிளைகளையே வெட்டியிருப்பீர்கள்.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுவதால் அங்கே பூக்க வாய்ப்புண்டு, தாராளமாகக் கொடுக்கலாம். பூத்து ஓய்ந்த பிறகே கவாத்து செய்யவும், மழைக்காலத்தில் கரும்புள்ளி விழுந்த இலைகளை உடனுக்குடன் அகற்றவும் அக்காவிடம் சொல்லுங்கள்.

சமவெளிக்குப் பழைய ரகத்தைத் தேடுவோர் அதன் வயதைவிடப் பூர்வீகத்தைப் பார்ப்பது நல்லது. ‘ஓல்ட் பிளஷ்’ போன்ற சீன ரோஜாக்களும், அவற்றின் உறவான டீ ரோஜாக்களும் குளிரை எதிர்பார்க்காமல், புதுத் தளிரின் நுனியில் மீண்டும் மீண்டும் மொட்டு வைப்பவை. இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவில், அதாவது அன்றைய பூர்போன் தீவில், சீன ரோஜாவும் ஆண்டில் இருமுறை பூக்கும் டமாஸ்க்கும் இயற்கையாகக் கலந்து பிறந்த இனமே பூர்போன் ரோஜா. தோட்டக்கலையில் எட்வர்ட் ரோஜா எனக் குறிக்கப்படும் நம் பன்னீர் ரோஜா இந்த வழியில் வந்ததுதான். மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மாலைக்கு உதிரியாக விற்கும் பூவை யாரும் ‘பழைய ரகம்’ என்று சொல்லி விற்பதில்லை. என்னைக் கேட்டால், மணத்துக்காக மதுரையில் முதலில் வைக்க வேண்டிய செடி அதுவே. பென்சில் தடிமனுள்ள முற்றிய குச்சியிலேயே வேர் பிடிக்கும் என்பதால் ஒட்டுச்செடி தேவையில்லை.

சீன, டீ ரோஜாக்களை ஒட்ட வெட்டாதீர்கள். காய்ந்த குச்சிகளையும் மெலிந்த கிளைகளையும் மட்டும் நீக்கி, வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு பசையைத் தடவினால் நுனிக்கருகல் பெரும்பாலும் தடுக்கப்படும். சித்திரை, வைகாசியில் மாடியின் அனலில் செம்பேன் பெருகும் என்பதால், இலைகளின் அடிப்புறம் நனையுமாறு காலையில் தண்ணீரைப் பீய்ச்சியடியுங்கள்.