நடுவட்டம் கறுத்துவிட்டால்: குளோசப் ஃபோகஸ் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நிக்கான் எஃப்3 ஃபிலிம் கேமரா, 55 மி.மீ. எஃப்/2.8 மைக்ரோ லென்ஸ், இரண்டுக்கும் நடுவே லென்ஸை முன்னே தள்ளும் பிகே-13 வளையம். எறும்பை நெருங்கினால், வ்யூஃபைண்டர் நடுவே ஃபோகஸ் பார்க்க உதவும் ஸ்பிளிட் வட்டத்தில் ஒரு பாதி கறுத்துவிடுகிறது. பழுதா?

பதில்: பழுதே இல்லை தம்பி. அந்த வட்டத்தில் இருப்பவை எதிரெதிராகச் சாய்ந்த இரண்டு பட்டகங்கள். லென்ஸின் ஓரங்களிலிருந்து வரும் ஒளியை வைத்துத்தான் அவை வேலை செய்யும். 1:1-க்கு (ஃபிலிமில் பொருளின் நிஜ அளவுக்கு) போகும்போது லென்ஸ் முன்னால் நீள்கிறது, எஃப்/2.8 ஏறக்குறைய எஃப்/5.6 ஆகிறது, அதாவது வரும் ஒளிக்கற்றை குறுகிவிடுகிறது. ஓர ஒளி இல்லையென்றால் இருட்டுதான். கண்ணைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் கறுப்பு மறு பாதிக்குத் தாவும், பாருங்கள்.

கேள்வி: அந்த வட்டத்தைச் சுற்றி, பொடிப் பட்டகங்களால் ஆன மைக்ரோபிரிசம் வளையம் உதவுமா?

பதில்: அதுவும் அப்படித்தான் மங்கும். அதற்கு வெளியே இருக்கும் மேட் (மங்கல் கண்ணாடி) பரப்பில் ஃபோகஸ் செய்யுங்கள்.

கேள்வி: சரி, இந்த வட்டமெல்லாம் இருக்கும் ஃபோகஸ் ஸ்க்ரீனையே மாற்றுவதென்றால் எது?

பதில்: கட்டம் போட்ட 'ஈ' (E) வகை. முழுக்க மேட், எதுவும் கறுக்காது. என் கேமராவில் அதுதான் நிரந்தரம். பெல்லோஸ் (லென்ஸை இன்னும் முன்னே நீட்டும் துருத்தி) போட்டு 1:1-ஐத் தாண்டும்போது மட்டும் 'எம்' (M) வகைக்கு மாறுவேன். அதன் நடுவில் தெளிந்த வட்டமும் குறுக்குக் கோடுகளும் இருக்கும். அங்கே "தெளிவாகத் தெரிகிறதே" என்று நம்பிவிடக் கூடாது. கண் தானாகவே சரிசெய்துகொள்ளும். முதலில் கோடு கூர்மையாகத் தெரிய வேண்டும். அப்புறம் தலையை இடமும் வலமும் லேசாக அசையுங்கள். எறும்பின் கண்மேல் கோடு நழுவினால் ஃபோகஸ் இல்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டு நகர்ந்தால் சரி, அழுத்துங்கள்.

கேள்வி: வயது அறுபது ஐயா. தரையோடு படுத்தால் கழுத்து பிடித்துக்கொள்கிறது.

பதில்: டிடபிள்யூ-4 வ்யூஃபைண்டர் பாருங்கள் ஐயா. எஃப்3-இன் தலையில் இருக்கும் பிரிசம் வ்யூஃபைண்டரைக் கழற்றிவிட்டு மாட்டுவது. மேலிருந்து குனிந்து பார்க்கலாம், 6 மடங்கு பெரிதாகத் தெரியும், உங்கள் கண் பவருக்கும் திருகிக்கொள்ளலாம். இடவலம் மாறித் தெரியும். நகரும் பூச்சியைத் தொடரச் சில நாள் பழக வேண்டும்.

கேள்வி: மிர்ரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில், ஃபோகஸ் ஆன விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் பீக்கிங் போதாதா?

பதில்: போதாதும்மா. 1:1-இல் லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப்/8 வைத்தாலும் தெளிவு சுமார் 1 மி.மீ. ஆழம்தான். பீக்கிங் அதைவிடத் தடிமனாக வண்ணம் பூசும். கண், மீசை எல்லாமே மின்னும். எடுக்கும் முன்பே திரையில் காட்சியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், கேமராவையே மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.