வெள்ளைப் படிவு பத்தே நாளில் திரும்புகிறதா? உப்பு மூட்டையைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் பேரூராட்சியின் நீரேற்று நிலையத்தில், உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தி, குடிநீரிலுள்ள கிருமிகளைக் கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட்டைத் தயாரிக்கும் கருவி மூன்று ஆண்டுகளாக ஓடுகிறது. தொடக்கத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செல்லை (மின்சாரம் பாயும் தகடுகள் அடங்கிய கலத்தை) அமிலத்தால் கழுவினால் போதுமாக இருந்தது. இப்போது பத்து நாளிலேயே தகடுகளுக்கிடையே வெள்ளை படிந்துவிடுகிறது. கருவிக்குரிய தண்ணீர், கடினத்தன்மையை நீக்கும் சாப்ட்னர் வழியாகத்தான் வருகிறது. அமிலத்தை இன்னும் கெட்டியாக ஊற்றலாமா? தகடுகளைக் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் கெடுதல் உண்டா?

பதில்: அமிலத்தின் செறிவைக் கூட்ட வேண்டாம். கம்பி பிரஷ்ஷைத் தகட்டின் அருகே கொண்டுபோகவே வேண்டாம். உங்கள் நேர்மின்வாய் டைட்டானியத் தகடு. அதன்மேல் ருத்தீனியம், இரிடியம் போன்றவற்றின் ஆக்சைடுகள் சில மைக்ரான் தடிமனில் பூசப்பட்டிருக்கும். குளோரினை உண்டாக்குவது அந்தக் கருநிறப் பூச்சுதான். பூச்சு போன இடத்தில் டைட்டானியம் தன் ஆக்சைடுப் படலத்தால் தன்னை மூடிக்கொண்டு மின்சாரத்தை மறித்துவிடும். ஒரு நிலையத்தில் தகடுகள் வெள்ளிக் கிண்ணம்போல் பளபளப்பதைப் பெருமையாகக் காட்டினார்கள். அந்தப் பளபளப்பே செல் செத்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

வெள்ளைப் படிவு ஏன் வருகிறது என்பதைப் பார்த்தால் மற்றவை விளங்கும். எதிர்மின்வாயில் நீர் பிரிந்து ஹைட்ரஜன் குமிழிட்டு வெளியேறும்போது ஹைட்ராக்சைடு அயனிகள் பின்தங்குகின்றன. அதனால் தகட்டை ஒட்டிய மெல்லிய நீரடுக்கு, செல்லின் மற்ற பகுதிகளைவிட மிகுந்த காரத்தன்மை கொண்டதாகிறது. கரைசலில் கால்சியமும் மக்னீசியமும் இருந்தால், அவை கால்சியம் கார்பனேட்டாகவும் மக்னீசியம் ஹைட்ராக்சைடாகவும் அங்கேதான் படியும். தகடுகளுக்கிடையே உள்ள இடைவெளி சில மில்லிமீட்டர்தான் என்பதால், படிவு தடிக்கத் தடிக்க ஓட்டம் குறைகிறது, ஹைட்ரஜன் வெளியேற வழியின்றித் தேங்குகிறது, செல் சூடாகிறது. ஒரு கிலோ குளோரினுக்கு ஈடான ஹைப்போகுளோரைட் உண்டாகும்போது ஏறத்தாழ 300 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் வெளிவருகிறது. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது தீப்பற்றும். ஆகவே செல்லைச் சுத்தமாக வைப்பது உற்பத்திக்காக மட்டும் செய்யும் வேலை அன்று.

சாப்ட்னர் இருந்தும் படிகிறதே என்று கேட்கிறீர்கள். சாப்ட்னர் தண்ணீரிலுள்ள கடினத்தன்மையை, அதாவது கால்சியத்தையும் மக்னீசியத்தையும்தான் பிடிக்கிறது. அதற்குப் பின்னால் தொட்டியில் நீங்கள் கொட்டும் உப்பு கொண்டுவருவதை அது பார்ப்பதே இல்லை. செல்லுக்குள் போகும் கரைசலில் லிட்டருக்குச் சுமார் 30 கிராம் உப்பு இருக்கும். அந்த உப்பில் 0.2 சதவீதம் கால்சியம் இருந்தால் லிட்டருக்கு 60 மில்லிகிராம் கால்சியம் சேர்கிறது. கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் 150 மில்லிகிராம் கடினத்தன்மை. சாப்ட்னர் சுழியமாக்கிக் கொடுத்த தண்ணீர், உப்புத் தொட்டியைத் தாண்டும்போது மறுபடியும் கடின நீராகிவிடுகிறது.

உங்களுக்கு உப்பு கொடுப்பவர் மாறியிருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். உப்பளத்தில் உப்பு வாரிய பின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில்தான் மக்னீசியம் மிகுந்திருக்கும். கழுவாமல் அள்ளிய கல்லுப்பில் அந்த நீர் படிகங்களின்மேல் ஒட்டியே வரும். மக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கக் கூடியது என்பதால், அப்படிப்பட்ட மூட்டை மழைக்காலத்தில் வியர்த்து அடியில் தண்ணீர் கட்டும். கழுவிச் சுத்திகரித்த உப்பு விலை கூடுதல்தான். ஆனால் பத்து நாளுக்கொருமுறை ஆகும் அமிலச் செலவையும், பூச்சின் ஆயுள் குறைவதையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு உப்பு மலிவன்று என்பதே என் கணிப்பு.

ஊகத்தை விட்டுவிட்டுச் சோதித்தே பார்க்கலாம். கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்துப் பெட்டி உங்கள் நிலையத்திலேயே இருக்கக்கூடும். சாப்ட்னரின் வெளிவாயிலில் ஒரு மாதிரியும், செல்லுக்குள் நுழையும் நீர்த்த உப்புக் கரைசலில் ஒரு மாதிரியும் எடுங்கள். முதல் மாதிரியே கடினமாக இருந்தால் சாப்ட்னரில் கால்சியத்தைப் பிடிக்கும் ரெசின் மணிகளின் திறன் தீர்ந்திருக்கிறது. அதற்கு உப்புநீர் ஏற்றிப் புதுப்பிக்க வேண்டும். முதலாவது மென்மையாகவும் இரண்டாவது கடினமாகவும் இருந்தால் குற்றவாளி உப்புதான். சாப்ட்னரை உப்புத் தொட்டிக்குப் பின்னால் மாற்றி வைத்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு; பயனில்லை. செறிந்த உப்புநீர் ரெசினிலுள்ள கால்சியத்தைக் கழற்றிவிடும். ரெசினைப் புதுப்பிப்பதே அதைக் கொண்டுதானே.

இனிக் கழுவும் முறை. செல்லுக்கு நேர்மின்சாரம் கொடுக்கும் ரெக்டிஃபையரின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுங்கள். ஹைட்ரஜன் வெளியேறும் வரை செல்லுக்குள் நீரை ஓடவிடுங்கள். பிறகு ஹைப்போகுளோரைட்டின் வாடை துளியும் இல்லாதபடி நல்ல தண்ணீரால் அலசுங்கள். இந்தப் படியில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஹைப்போகுளோரைட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சந்தித்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. கடையில் கிடைக்கும் 33 சதவீத அமிலம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்து பங்கு என்று கலந்தால் சுமார் 6 சதவீதக் கரைசல் கிடைக்கும், அது போதும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிந்து, கதவு சன்னலைத் திறந்துவைத்து, சிறு பம்பினால் கரைசலைக் கீழிருந்து மேலாகச் சுழலவிடுங்கள்.

நுரைப்பு நின்றதும் வேலை முடிந்தது என்று நினைப்பது வழக்கம். கார்பனேட்டுக்கு அது பொருந்தும். மக்னீசியம் ஹைட்ராக்சைடோ நுரைக்காமலே கரையும். எனவே அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளைப் பயன்படுத்துங்கள் (எண் ஏறினால் அமிலம் தீர்கிறது என்று பொருள்): சுழலும் அமிலத்தின் பிஎச் ஏறிக்கொண்டே போனால் இன்னும் படிவு இருக்கிறது, கால் மணி நேரம் 1 அல்லது 2 என்ற அளவிலேயே அசையாமல் நின்றால் கரைய வேண்டியது கரைந்துவிட்டது. அமிலத்தை இரவு முழுவதும் ஊறவிடாதீர்கள், பூச்சில்லாத டைட்டானியத்தை அது மெல்ல அரிக்கும். சல்ஃபூரிக் அமிலம் கரையாத கால்சியம் சல்ஃபேட்டை உண்டாக்கும். ஃப்ளோரைடு கலந்த எதுவும் டைட்டானியத்தையே தின்றுவிடும். கழிவு அமிலத்தைச் சுண்ணாம்பாலோ சலவைச் சோடாவாலோ நடுநிலையாக்கிய பின் வெளியேற்றுங்கள். பிளீச்சிங் பவுடர் சிந்திக் கிடக்கும் சாக்கடையில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

வெள்ளைக்குப் பதிலாகக் கறுப்பும் பழுப்புமான படிவு நேர்மின்வாயின்மேல் தெரிந்தால் அது வேறு கதை: தண்ணீரிலோ உப்பிலோ மாங்கனீசு இருக்கிறது. மாங்கனீசு டை ஆக்சைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வரும். 1774இல் ஷீலே என்ற வேதியியலாளர் அந்த வாயுவை முதன்முதலில் பிடித்ததே அப்படித்தான். செல்லை எவ்வளவு அலசியிருந்தாலும் இந்தப் படிவு அமிலத்தில் குளோரினைக் கிளப்பும் என்பதால், அதைத் தயாரிப்பாளரின் ஆட்களைக் கொண்டு செய்வதே நல்லது.

மின்வாய்களின் திசையை மாற்றிப் படிவை உதிர்க்கும் உத்தி, நீச்சல் குளக் கருவிகளில் தானாகவே நடப்பது. இரு பக்கத் தகடுகளும் பூச்சுடையவையாக இருந்தால் மட்டுமே அது பலிக்கும். உங்கள் செல் அப்படி அமைக்கப்பட்டதல்ல என்றால் முயல வேண்டாம்.

ஒவ்வொரு கழுவலுக்கும் முன்னும் பின்னும், ஒரே மின்னோட்டத்தில், ஒரே உப்புச் செறிவில், செல்லின் வோல்டேஜைக் குறித்து வையுங்கள். உப்பு குறைந்தாலும் வோல்டேஜ் ஏறும் என்பதால் செறிவைக் குறிக்காத பதிவால் பயனில்லை. நாள் கணக்கில் கழுவுவதைவிட, சுத்தமான செல்லின் அளவைக் காட்டிலும் பத்து சதவீதம் ஏறியதும் கழுவுவது எனக்குச் சரியாகப் படுகிறது. தகடுகள் சுத்தமாகத் தெரிந்தும், உப்பின் அளவு சரியாக இருந்தும், கழுவிய பின் வோல்டேஜ் இறங்கவில்லை என்றால் பூச்சு தேய்ந்துவிட்டது. மேற்கொண்டு அமிலம் ஊற்றாமல் தகடுகளுக்கு மறுபூச்சு போடக் கேளுங்கள்.