ஃப்ரண்ட் வீல் டிரைவ் காரை டிராக் ரேஸில் எத்தனை ஆர்பிஎம்மில் கிளப்ப வேண்டும்?

கேள்வி: சின்ன டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், கம்பெனி டயர். நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் பாயும் கால் மைல் டிராக் (drag) ஓட்டத்தில் கிளட்ச்சை விட்டதும் முன் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. ஆர்பிஎம்மைக் குறைத்தால் வண்டி மூச்சுத் திணறி நகர்கிறது. சரியான லாஞ்ச் ஆர்பிஎம், அதாவது கிளம்பும்போது வைக்க வேண்டிய எஞ்சின் சுற்று, என்ன?

ஆர்பிஎம்மைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

ஓட்டுபவரோடு சேர்த்து வண்டி 1,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிற்கும்போது அதில் 62 சதவீதம், அதாவது 682 கிலோ முன் சக்கரங்களின் மேல் இருக்கிறது. எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், வீல்பேஸ் 2.5 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.45 பங்கு அளவுக்கு வண்டி பாய்ந்தால் 1,100 × 0.45 × 0.5 ÷ 2.5 = 99 கிலோ பின்னால் போய்விடும். முன்னால் மிச்சம் 583. அந்தப் பாய்ச்சலுக்கு வேண்டிய தள்ளுவிசையோ 495 கிலோ. 495-ஐ 583-ஆல் வகுத்தால் 0.85. நல்ல ரோடு டயர் சுத்தமான தாரில் கொடுக்கும் பிடியே ஏறக்குறைய அவ்வளவுதான். பின்சக்கரம் இழுக்கும் வண்டிக்குப் பாயப் பாயப் பிடி கூடும். நமக்குப் பாயப் பாயக் குறையும். எஞ்சினில் இன்னும் 30 குதிரைத்திறன் ஏற்றினாலும் முதல் 60 அடியில் இந்தக் கணக்கு மாறாது. அதனால்தான் ரீமேப்புக்கு (எஞ்சின் கணினியை மாற்றித் திறன் ஏற்றுவதற்கு) கொடுக்கும் காசை முதலில் டயருக்குக் கொடுங்கள் என்பேன்.

டயர் காற்று: முன்னால் வழக்கமாக 32 பிஎஸ்ஐ வைப்பீர்கள் என்றால் 26-இல் ஆரம்பியுங்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 2 பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள். ரோடு டயரில் 22-க்குக் கீழே போக வேண்டாம். பக்கச்சுவர் மடியும், ஓட்ட முடிவில் பிரேக் பிடிக்கும்போது வண்டி அலையும். 10, 12 பிஎஸ்ஐ என்று யாராவது சொன்னால் அது ஸ்லிக் டயர் (வெட்டே இல்லாத வழவழப்பான ரேஸ் டயர்) கணக்கு, நம் டயருக்குப் பொருந்தாது. பின் சக்கரங்களுக்கு நேர்மாறு: 38 முதல் 40 வரை ஏற்றலாம், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல். உருளும் தடை குறையும். எப்போதும் ஒரே கேஜில் அளக்கவும்; இரண்டு கேஜ் 2 பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டுவது சகஜம்.

ஸ்டார்ட் கோட்டுக்கு முன்னால் பர்ன்அவுட்டுக்காகத் தரையை நனைத்து வைத்திருக்கும் தண்ணீர்ப் பெட்டியை ரோடு டயர்காரர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டும். டயர் வெட்டுகளில் தண்ணீரை ஏந்திக்கொண்டு போய் ஸ்டார்ட் கோட்டில் சொட்டவிட்டால் உங்களுக்கும் வழுக்கும், பின்னால் வருபவரின் சாபமும் சேரும். காய்ந்த இடத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு இரண்டு விநாடி சுற்றவிட்டால் போதும், ஒட்டியிருக்கும் மண்ணும் பொடிக்கல்லும் உதிரும். புகை கிளப்பும் பர்ன்அவுட் ஸ்லிக்குக்கும் டிராக் ரேடியல் என்ற மென்ரப்பர் ரேஸ் டயருக்கும் உரியது. ரோடு டயரை அப்படிச் சூடாக்கினால் மேல்ரப்பர் எண்ணெய்ப் பசைபோலாகி, இருந்த பிடியும் போகும்.

பூட்டைக் காலி செய்யுங்கள், ஸ்டெப்னி உட்பட. மொத்த எடை குறைகிறது, அதைவிட முக்கியம், முன்னால் இருக்கும் பங்கு கூடுகிறது. ஏசியை அணைக்கவும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் பட்டனைச் சில வண்டிகளில் ஒரு தட்டு தட்டினால் பாதிதான் அணையும். முழுதும் அணைய சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

இனி கிளட்ச். முதல் கியர் விகிதம் 3.5, ஃபைனல் டிரைவ் 4.0 என்றால் இரண்டும் பெருகி 14. 4,000 ஆர்பிஎம்மில் சக்கரம் நிமிடத்துக்கு 286 சுற்று சுற்ற வேண்டும். டயர் சுற்றளவு 1.9 மீட்டர் என்றால் அது மணிக்கு சுமார் 33 கி.மீ. வண்டியோ நின்றுகொண்டிருக்கிறது. இந்த 33 கி.மீ. வித்தியாசத்தை யாராவது விழுங்கியாக வேண்டும்: ஒன்று கிளட்ச், இல்லையென்றால் டயர். கிளட்ச்சைப் படாரென்று விட்டால் டயர் விழுங்கும். அதுதான் உங்கள் வீல் ஸ்பின். 2,500-இல் கிளப்பினால் வித்தியாசம் 20 கி.மீ.தான், ஆனால் கிளட்ச்சை முழுதாக விட்டதும் ஆர்பிஎம் 1,500-க்கு விழும், டர்போ தூங்கிவிடும். அதுதான் உங்கள் மூச்சுத் திணறல். ஆக இரண்டு கோளாறுக்கும் காரணம் இடது கால்.

செய்யும் முறை இது. முதல் கியர், ஹேண்ட்பிரேக் மேலே. கிளட்ச்சைக் கவ்வும் புள்ளிவரை மெல்ல விடுங்கள். வண்டியின் மூக்கு லேசாக அசையும். கியர் பற்களிலும் டிரைவ் ஷாஃப்ட்டிலும் இருக்கும் தளர்வு இப்போது இழுபட்டுவிட்டது, கிளம்பும்போது அடி விழாது. இந்த நிலையில் ஓரிரு விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம், கிளட்ச் வேகும். டர்போ வண்டிக்கு 3,000, டர்போ இல்லாத 1.2 லிட்டருக்கு 3,500 முதல் 4,000 வரை ஆரம்ப அளவாக வைத்துக்கொள்ளலாம். ஹேண்ட்பிரேக்கை விடும் அதே நொடியில் கிளட்ச்சை இன்னும் ஒரு விரல்கடை விட்டு அங்கேயே நிறுத்துங்கள். ஆர்பிஎம் முள் ஏறவும் கூடாது, விழவும் கூடாது. வண்டியின் வேகம் மேலே வந்து அதைப் பிடிக்க வேண்டும். இதற்கு ஒன்று, ஒன்றரை விநாடி ஆகும். பிறகு கிளட்ச்சை முழுதாக விட்டு ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்துங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கட்டும்.

சுற்ற ஆரம்பித்தால் காலை மொத்தமாக எடுக்காதீர்கள், கால்வாசி குறைத்தால் போதும். டயர் தரையைவிட 10, 15 சதவீதம் வேகமாகச் சுற்றும்போதுதான் பிடி உச்சத்தில் இருக்கும். காதுக்கு அது மெல்லிய முனகல். கிறீச்சென்று கத்தினால் எல்லை தாண்டிவிட்டது. ஸ்பீடோமீட்டரை நம்ப வேண்டாம், பெரும்பாலும் அது காட்டுவது இழுக்கும் சக்கரத்தின் வேகத்தை.

ஒரு விதிவிலக்கு: வீல் ஹாப். முன்பக்கம் தடதடவென்று குதித்தால் உடனே காலை முழுதாக எடுத்துவிடுங்கள். டயர் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கும் ஒவ்வொரு குதியும் டிரைவ் ஷாஃப்ட்டில் சம்மட்டி அடி; சிவி ஜாயின்ட் (டிரைவ் ஷாஃப்ட்டின் முனை மூட்டு) உடைவது இப்படித்தான். காரணம் பெரும்பாலும் தளர்ந்த எஞ்சின் மவுன்ட். அடியில் எஞ்சினின் முன்பின் ஆட்டத்தைத் தாங்கும் மவுன்ட்டைப் பார்த்து, ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். பாலியூரிதேன் மவுன்ட் போட்டால் இன்னும் இறுகும், ஆனால் ஐடிலில் டேஷ்போர்டு அதிரும்.

ஸ்டேஜ் செய்வதில், அதாவது ஸ்டார்ட் கோட்டின் ஒளிக்கற்றையில் முன் டயரை நிறுத்துவதில், பலர் கவனிக்காத ஒரு சலுகை இருக்கிறது. கடிகாரம் ஓடத் தொடங்குவது பச்சை விளக்கில் அல்ல, முன் டயர் ஸ்டேஜ் ஒளிக்கற்றையை விட்டு விலகும்போது. ஸ்டேஜ் விளக்கு எரிந்த மறுகணமே நின்றுவிட்டால், கற்றையைத் தாண்ட டயருக்குச் சுமார் 30 செ.மீ. இருக்கும். மேலே சொன்ன 0.45 பாய்ச்சலில் அந்த 30 செ.மீ.க்கு ஏறக்குறைய 0.37 விநாடி. அது கணக்கில் வராது! உள்ளே தள்ளி ஸ்டேஜ் செய்தால் ரியாக்‌ஷன் டைம் நன்றாகத் தெரியும், ஓட்ட நேரம் ஏறும். நேரத்தைக் குறைப்பதுதான் குறி என்றால் மேலோட்டமாகவே நில்லுங்கள்.

விளக்குக் கம்பத்தில் மூன்று மஞ்சளும் அரை விநாடி இடைவெளியில் எரியும் முறை என்றால், மூன்றாம் மஞ்சள் எரியும்போதே கிளம்புங்கள். உங்கள் கண், கால், வண்டி மூன்றும் சேர்ந்து எடுக்கும் தாமதம் அந்த அரை விநாடியைத் தின்றுவிடும். பச்சைக்குக் காத்திருப்பவர் அதை எதிராளிக்கு இனாமாகத் தருகிறார். பச்சைக்கு முன்பே கிளம்பிச் சிவப்பு விழுந்தால் அடுத்த ஓட்டத்தில் ஒரு நொடிப்பொழுது தாமதியுங்கள், லாஞ்ச் முறையை மாற்றாதீர்கள்.

ஓட்டம் முடிந்ததும் கொடுக்கும் நேரச் சீட்டான டைம் ஸ்லிப்பில் முதலில் 60 அடி நேரத்தைப் படியுங்கள். ரோடு டயர் போட்ட இத்தகைய வண்டிக்கு 2.2 முதல் 2.5 விநாடி என்றால் நல்ல லாஞ்ச். 2.7-க்கு மேல் என்றால் சுற்றியது அல்லது திணறியது. எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். இங்கே 0.1 குறைத்தால் கால் மைல் முடிவில் சுமார் 0.15 குறையும். 60 அடி நன்றாக இருந்தும் மொத்த நேரம் மோசம் என்றால் கோளாறு கியர் மாற்றுவதில். ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம்: முதலில் காற்று, அது நிலைத்தபின் கிளட்ச்சை இழுத்து விடும் நேரம், கடைசியாக ஆர்பிஎம், அதுவும் 250, 250-ஆக.

மூன்று லாஞ்சுக்குப் பிறகு கால் மணி நேரம் பானெட்டைத் திறந்து ஓய்வு கொடுங்கள். மூன்றாம் கியரில் வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள், வீடு போய்ச் சேரவும் அதே கிளட்ச்தான் வேண்டும். கிளம்பும் முன் காற்றைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வீல் நட்டுகளை இறுக்கிப் பார்த்து, ஸ்டெப்னியைத் திரும்ப வையுங்கள்.