வாசகர் கேள்வி: 0.88-இல் தெரிவது வேலரேட்டா, கொழுப்பா?

கேள்வி: பாக்டீரியாவிலிருந்து குளோரோஃபார்மில் பிரித்தெடுத்த பி.எச்.பி. (பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட்) பாலியஸ்டரைப் புரோட்டான் என்.எம்.ஆரில் (ஹைட்ரஜன் அணுக்களைக் காட்டும் காந்த ஒத்ததிர்வு அலைமாலையில்) பார்த்தோம். 0.88 பிபிஎம்மில் (அலைமாலையின் அளவுகோலில் ஓர் இடம்) ஒரு சிறு பீக். வளர்ப்புக்குக் கொடுத்தது குளுக்கோஸ் மட்டும்தான். ஹைட்ராக்சிவேலரேட் (பி.எச்.பி. சங்கிலியில் சேரக்கூடிய இன்னொரு அலகு, சுருக்கமாக வேலரேட்) கலந்திருக்கிறது என்று எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு எழுதாதீர்கள். வேலரேட்டின் மெத்தில் (CH3) தொகுதி 0.89-இல் வரும். செல் சவ்வுக் கொழுப்பின் கடைசி மெத்திலும் அங்கேதான் வரும். குளோரோஃபார்ம் இரண்டையும் சேர்த்தே கரைத்துக்கொண்டு வந்துவிடும்.

முதலில் 1.27-இல் உள்ள பி.எச்.பி. மெத்தில் இரட்டையின் (இரண்டாகப் பிரிந்த பீக்கின்) அடிவாரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 1.25-ஐ ஒட்டி அகன்ற மேடு இருந்தால் கொழுப்பின் மேல்தான் சந்தேகம். வேலரேட்டின் பக்கச் சங்கிலி 1.6-இல் தெரிய வேண்டும். ஆனால் என்.எம்.ஆர். கரைப்பானான டியூட்டரோகுளோரோஃபார்மில் ஈரம் இருந்தால் தண்ணீர் 1.56-இல் வந்து அதே இடத்தை மறைக்கும். அதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

தீர்ப்பு கார்பன்-13 என்.எம்.ஆரில் (கார்பன் அணுக்களைக் காட்டும் அலைமாலையில்) இருக்கிறது. வேலரேட் மெத்தில் 9.3-இல் தனியாக நிற்கும். கொழுப்பின் மெத்தில் 14 அருகே. 9.3 காலியாக இருந்து 14 மட்டும் தெரிந்தால், மாதிரியைச் சுத்தம் செய்யுங்கள்: கரைசலை வடிகட்டிச் சுருக்கி, கரைசலைப் போல் பத்து மடங்கு அளவுள்ள குளிர்ந்த மெத்தனாலில் கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாலிமர் வெள்ளையாக வீழ்படியும், கொழுப்பில் பெரும்பகுதி மெத்தனாலோடு போய்விடும். இன்னொரு முறை செய்து வெற்றிடத்தில் உலர்த்துங்கள். எத்தனால் வேண்டாம், மிச்சமிருந்தால் அதன் 1.25 பீக் பி.எச்.பி. இரட்டையோடு கலந்துவிடும். மெத்தனால் மிச்சம் 3.49-இல் யாருக்கும் தொல்லையில்லாமல் நிற்கும். பலமுறை கழுவியும் 14 போகவில்லையா? நீண்ட பக்கச் சங்கிலி அலகுகள் பாலிமரிலேயே இருக்கலாம்.

வேலரேட் உறுதியானால் கணக்கு எளிது: 0.89-இன் பரப்பை, 0.89, 1.27 இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் மோல் சதவீதம். இரண்டுமே மூன்று புரோட்டான் என்பதால் திருத்தம் தேவையில்லை. கொழுப்பு மிஞ்சியிருந்தால் இந்த எண் பொய்யாக ஏறும்.

கேள்வி: புரோட்டானுக்குப் போட்ட 5 மி.கி. மாதிரியே கார்பனுக்கும் போதுமா?

பதில்: இழுபறிதான். 0.6 மி.லி.க்கு 30 மி.கி. வையுங்கள். பி.எச்.பி. மெதுவாகத்தான் கரையும், இறுக மூடிய குப்பியில் 50 டிகிரி வரை சூடாக்கலாம். குளோரோஃபார்ம் 61 டிகிரியில் கொதிக்கும், அதை நெருங்க வேண்டாம். கரைசல் தேன்போல் இழுத்தால் கோடுகள் அகன்றுவிடும். நீர்க்கச் செய்து ஸ்கேன்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.